நாலாம் மாடியில் ஐந்து ஈரத் திட்டுகள்

திங்கட்கிழமை காலை. வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் கூட்டம் முடிந்து கேன்டீனில் தே ஓ, அதாவது பால் இல்லாத டீ, வாங்க வரிசையில் நிற்கிறேன். கைப்பேசியில் ஒரு படம் வந்தது. புதிதாகப் பெயின்ட் அடித்த வெள்ளைச் சீலிங், நடுவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பழுப்பு வட்டம். அனுப்பியவர் மெயின் கான்ட்ராக்டரின் கோஆர்டினேட்டர். கீழே இரண்டே வார்த்தை: "உங்கள் பைப்." தே ஓ கைக்கு வருவதற்குள் இன்னும் நான்கு படங்கள் வந்துவிட்டன.

சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் எட்டு மாடி அலுவலகக் கட்டடம் அது. குளிரூட்டும் வேலை முழுக்க எங்களுடையது: குளிர்நீர்க் குழாய், காற்றுப் போகும் டக்ட், சீலிங்குக்கு மேலே தொங்கி அறைக்குக் குளிர்காற்று ஊதும் ஃபேன் காயில் யூனிட்டுகள். சைட்டில் அதை எஃப்சியு என்போம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நான் அந்த வேலையை எடுத்த சப் கான்ட்ராக்டரிடம் தரம் பார்க்கும் கியூசி இன்ஸ்பெக்டர். பைப் ஃபிட்டராக வந்தவன், பிறகுதான் கையில் கிளிப்போர்டு ஏறியது. முந்தின வியாழக்கிழமை நாலாம் மாடிக்குக் குளிர்நீரைத் திறந்துவிட்டிருந்தோம். சீலிங் மூடி மூன்று வாரம் ஆகியிருந்தது. கட்டடத்தில் குடியேறத் தரும் தற்காலிக அனுமதியான டிஓபிக்கு ஆறு வாரம் இருந்தது.

முதலில் மேலே போகவில்லை. ஆபீஸ் கன்டெய்னருக்குப் போய்க் கோப்பை எடுத்தேன். சீலிங் மூடும் முன் பரிசோதனை, நாலாம் மாடி, பி பகுதி. இருபத்திரண்டு வரி, இருபத்திரண்டு டிக். அடியில் மூன்று கையெழுத்து. முதலாவது என்னுடையது.

அந்த நாள் நன்றாகவே நினைவிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி, வெளியே மழை. ஆர்எஃப்ஐ, அதாவது பரிசோதனைக்கு வரச் சொல்லும் விண்ணப்பம், கொடுத்திருந்தோம். கன்சல்டன்ட் தரப்பில் சைட்டிலேயே இருந்து மேற்பார்க்கும் ஆர்டிஓ வந்திருந்தார், மெயின் கான் ஆள் ஒருவர், நான். மூன்று பேருக்கு ஒரே சிசர் லிஃப்ட், அதுவும் பேட்டரி சாகும் நிலையில். பி பகுதியில் பத்து பே, அதாவது தூண்களுக்கு இடைப்பட்ட கட்டங்கள். முதல் இரண்டு பேயில் மேலே ஏறிப் பார்த்தோம், ஒழுங்காக இருந்தது. மீதி எட்டைத் தரையில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தோம். சீலிங் போடுகிறவர்கள் பலகையை அடுக்கி வைத்துக்கொண்டு எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் என்ன, கையெழுத்துதான்.

சரி, ஐந்து திட்டுக்கும் வருகிறேன்.

ஈரம் எங்கே தெரிகிறதோ அங்கேதான் கோளாறு என்று பலகையை வெட்டுவது புதியவர்கள் செய்யும் வேலை. ரப்பர் இன்சுலேஷன் போட்ட குழாயில் கசிகிற நீர் உடனே கீழே விழாது. குழாய்க்கும் ரப்பருக்கும் நடுவில் புகுந்து, தாழ்வான பக்கமாக மூன்று நான்கு மீட்டர் நடந்து, எந்த ஒட்டில் வாய் கிடைக்கிறதோ அங்கே சொட்டும். அதனால் இடத்தைக் கேட்பதற்கு முன் தண்ணீரைக் கேட்க வேண்டும்: நீ யார் வீட்டுத் தண்ணீர்?

இதற்கு என்னிடம் ஒரு மலிவான வழி உண்டு. மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் வாங்கும் டிடிஎஸ் பேனா, நீரில் கரைந்த உப்பை அளப்பது, 15 சிங்கப்பூர் வெள்ளி. கூடவே பிஎச் தாள் ஒரு சுருள். காற்றிலிருந்து வேர்த்து விழும் நீர் கிட்டத்தட்ட வடிநீர் மாதிரி, அதில் உப்பே இருக்காது. குழாய் நீரில் கொஞ்சம் இருக்கும். மூடிய சுற்றில் ஓடும் குளிர்நீரில் துருப்பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருப்பார்கள், அதனால் எண் எகிறும். ஒவ்வொரு திட்டுக்கும் நடுவில் ஒரு துளை போட்டுக் காகிதக் கோப்பையைப் பிடித்தோம். எங்கள் சுற்றின் டிரெயின் காக்கிலிருந்தும், சைட் குழாயிலிருந்தும் மாதிரி எடுத்துக்கொண்டேன்.

சுற்றின் நீர் 870. சைட் குழாய் 110. ஒன்றாம் திட்டு 24. இரண்டாவது 31. மூன்றாவது 880, நான்காவது 860. ஐந்தாவது 410, பிஎச் தாளை வைத்ததும் கருநீலம்.

அந்த ஐந்தாவதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் உற்சாகம் வந்துவிட்டது என்பதை மறைக்கவில்லை. அவ்வளவு காரம் எங்கள் குழாயில் இல்லை, குடிநீர்க் குழாயிலும் இல்லை. புது சிமென்ட்டுக்குள் ஊறி வந்த தண்ணீருக்குத்தான் அந்த நிறம் வரும். ஐந்தாம் மாடிக்குப் போனோம். நேர் மேலே கழிப்பறை. வாட்டர்புரூஃபிங்காரர்கள் வாசலில் வரப்பு கட்டி 24 மணி நேரத் தேக்கச் சோதனை வைத்திருந்தார்கள், தண்ணீர் நின்றுகொண்டிருந்தது, ஆள் யாரும் இல்லை. கோஆர்டினேட்டருக்குத் தாளின் படத்தை அனுப்பினேன். இரண்டு வார்த்தைதான் எழுதினேன்: "உங்கள் தண்ணீர்." மற்ற நான்கும் எங்கள் தலையில்தான் விழப்போகிறது என்று தெரிந்தும் எழுதினேன்.

மூன்றாவது சுலபம். கிளைக் குழாயின் உச்சியில் இருக்கும் ஆட்டோ ஏர் வென்ட், காற்றை வெளியேற்றிவிட்டுத் தானே மூடிக்கொள்ள வேண்டியது. அதன் ஊசி வாயில் ஒரு துணுக்கு சிக்கி, எச்சில் துப்புவது போலத் துப்பிக்கொண்டிருந்தது. அடியில் காக் இருந்ததால் மூடிவிட்டுக் கழற்றிக் கழுவினோம். உள்ளே வெல்டிங் பொறுக்கும் வெள்ளை டேப் இழையும். குழாயைத் தண்ணீர் ஓட்டிக் கழுவும் ஃபிளஷிங் இன்னும் ஒரு நாள் கூடுதலாக ஓடியிருக்க வேண்டும் என்று அர்த்தம். அதன் வாயில் ஒரு சிறு செம்புக் குழாய் வைத்து, எஃப்சியுவின் அடியில் நீர் சேரும் தட்டுக்குக் கொண்டுபோய் விட்டோம். வரைபடத்தில் அது இருந்தது, வேலையில் இல்லை.

நான்காவதுதான் என்னைத் தூங்கவிடாதது. குளிர்நீர்க் குழாயை முறையாகப் பிரஷர் டெஸ்ட் செய்து, வேலை அழுத்தம் 10 பாருக்கு ஒன்றரை மடங்காக 15 பார் ஏற்றி, ஆர்டிஓ முன்னால் நிறுத்திக் காட்டியிருந்தோம். டெஸ்ட் பாஸ். அப்படியிருக்க 860 எப்படி?

பலகையை வெட்டினோம். கசிவு திட்டுக்கு நேர் மேலே இல்லை, எதிர்பார்த்தது போலவே மூன்று மீட்டர் தள்ளி. எஃப்சியு காயிலுக்குப் போகும் ஃபிளெக்ஸிபிள் ஹோஸின் யூனியனில், அதாவது கழற்றி மாட்டும் இணைப்பில், நாற்பது விநாடிக்கு ஒரு சொட்டு. கழற்றிப் பார்த்தால் வாஷர் மடங்கி உட்கார்ந்திருக்கிறது. ஹோஸும் அளவுக்கு மேல் வளைந்து, அந்த இழுப்பு முழுக்க யூனியன் மேல். பதில் அப்போதே கிடைத்துவிட்டது. டெஸ்ட் அன்றைக்கு எஃப்சியு எதுவும் தொங்கவே இல்லை. குழாயை வால்வு வரைக்கும் டெஸ்ட் செய்தோம். ஃபிளஷிங் சமயத்திலும் அழுக்கு காயிலுக்குள் போகக் கூடாது என்று பைபாஸ் போட்டுத்தான் ஓட்டினோம், அது சரியான முறைதான். அதற்குப் பிறகு வந்த கடைசி அரை மீட்டர் இணைப்பு இருக்கிறதே, ஒரு எஃப்சியுவுக்கு நான்கு ஒட்டு, அது எந்தச் சோதனையும் காணாமல் நேராக ஓட்டத்துக்கு வந்துவிட்டது. எங்கள் படிவத்தில் "பிரஷர் டெஸ்ட் முடிந்தது" என்று ஒரு வரி. அதில் டிக் இருந்தது. பொய்யும் இல்லை.

இந்த மாடியில் 38 எஃப்சியு. நான்கு ஒட்டு வீதம் 152. அன்று மாலையே இரண்டு பேரை விட்டு ஒவ்வொரு யூனியனிலும் கழிப்பறைத் தாளைச் சுற்றி, பத்து நிமிடம் கழித்துத் தடவிப் பார்க்கச் சொன்னேன். கையால் தடவினால் குளிரையும் ஈரத்தையும் பிரிக்கத் தெரியாது, தாள் ஏமாற்றாது. இன்னும் மூன்று கிடைத்தன. ஒன்றில் டேப்பை மரைக்கு எதிர்த் திசையில் சுற்றியிருந்தார்கள். இறுக்கும்போது அது பிரிந்துகொண்டே போகும். சுற்றியவர் இடதுகைக்காரர் என்று ஃபோர்மேன் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரஷர் டெஸ்ட் என்று வந்ததால் இடையில் ஒன்று. கேஜில் ஊசி அசையாமல் நின்றால் பாஸ் என்று நினைக்கிறவர்களுக்கு. முன்பு வேறொரு சைட்டில் இரவு முழுக்க 15-லேயே நின்ற ஊசியைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்துகொண்டிருந்தோம். எனக்கு அது உறுத்தியது. குழாயில் காற்றே இல்லாமல் தண்ணீர் நிறைந்திருந்தால், ஒரே ஒரு டிகிரி வெப்பம் மாறினாலே அழுத்தம் சில பார் ஏறி இறங்கும். காற்றுக் குமிழ் கொஞ்சம் இருந்தால் அந்த ஆட்டம் குறையும். மொட்டை மாடியில் வெயில் படும் குழாய், பகலும் இரவும் ஊசி அப்படியே நிற்கிறது என்றால் என்ன அர்த்தம்? கேஜுக்கு அடியில் இருந்த சின்னக் காக்கைப் பார்த்தேன். மூடியிருந்தது. குழாயில் எவ்வளவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேஜ் 15 காட்டிக்கொண்டேதான் இருக்கும். யார் மூடியது, தெரிந்தா தெரியாமலா, நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து கையெழுத்துப் போடும் முன் கொஞ்சம் தண்ணீரை வெளியே விட்டு, ஊசி இறங்குகிறதா என்று பார்ப்பேன். கேஜ் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் எழுதச் சொல்வேன். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார். தரைத்தளத்தில் 15 காட்டினால் எட்டாம் மாடியில் 15 கிடையாது.

இரண்டாம் திட்டு, 31. எங்கள் குளிர்நீர் இல்லை, ஆனால் எங்கள் குற்றம்தான். எஃப்சியுவின் அடித்தட்டில் சேரும் நீர் வடியாமல் நிரம்பி வழிந்திருந்தது. சிங்கப்பூர்க் காற்றில் 5 கிலோவாட் அளவு யூனிட் ஒன்று மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரைப் பிழிந்துவிடும். கட்டடம் இன்னும் முழுதாக மூடாத நிலையில் அதற்கு மேலும் வரலாம்.

டிரெயின் குழாய்க்கு வாட்டம் வேண்டும் என்பது ஊரில் கொத்தனார் வேலை பார்க்கிறவருக்கும் தெரியும். மீட்டருக்கு 10 மில்லிமீட்டர். இந்தக் குழாய் ஏழு மீட்டர் ஓடுகிறது, 70 மில்லிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். தரையிலிருந்து டார்ச் அடித்தபோது எனக்கு இது நேராகத்தான் தெரிந்தது. நேராகத் தெரிந்ததே தப்பு என்று அப்போது உறைக்கவில்லை. இப்போது ரசமட்டத்தை வைத்தால் ஒரு இடத்தில் சரி, அடுத்த அடியில் எதிர்ப்பக்கம். இன்சுலேஷன் மேல் ரசமட்டம் வைப்பதில் பிரயோசனம் இல்லை, ரப்பரின் மேடு பள்ளத்தைத்தான் அது காட்டும். பழைய கொத்தனார் வழிக்கே போனேன். தெளிவான ட்யூப் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனை எஃப்சியு வாயில், மறு முனை செங்குத்து வடிகுழாயான ஸ்டாக்கில். ஏழு மீட்டருக்கு மொத்த இறக்கம் 22 மில்லிமீட்டர். அதிலும் நான்காவது மீட்டரில் குழாய் முதுகை நிமிர்த்தி ஏறி இறங்குகிறது.

ஏன் என்று மேலே ஏறினால் தெரிகிறது. அங்கே கேபிள் ட்ரே குறுக்கே போகிறது. எங்கள் குழாய்தான் முதலில் வந்தது. ட்ரே வந்தபோது இடம் இல்லாமல் யாரோ எங்கள் குழாயைத் தூக்கிவிட்டு ட்ரேயை நுழைத்திருக்கிறார்கள். அது போதாது என்று குழாயைத் தாங்கும் ஹேங்கர் 2.4 மீட்டருக்கு ஒன்று. இந்த அளவு யுபிவிசி குழாய்க்கு ஒரு மீட்டருக்கு ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் தொய்யும். ட்ரே பக்கமிருந்து வந்த சூப்பர்வைசர் ஜொகூர்த் தமிழர், என்னைவிட மூத்தவர். நான் வாய் திறப்பதற்குள், "என்ன தம்பி, மறுபடியும் எங்க தலையிலயா?" என்றார். ட்ரேயைத் தூக்குங்கள் அண்ணே, மின்சாரத்துக்கு வாட்டம் தேவையில்லையே என்றேன். கேபிள் முழுக்க இழுத்தாகிவிட்டது, ஒரு வாரம் ஆகும் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

யாரோ பம்ப் வைக்கலாம் என்றார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. புவியீர்ப்பு இலவசமாகச் செய்யும் வேலையை மோட்டார் ஒன்றிடம் கொடுத்தால், அது நிற்கிற அன்று மறுபடி இதே பழுப்பு வட்டம். வரைபடத்தை விரித்துப் பார்த்தோம். எதிர்ப்பக்கம் 3.5 மீட்டரில் பெரிய குளிர்காற்று இயந்திரம் நிற்கும் ஏஎச்யு அறை, அங்கே ஃப்ளோர் டிரெயின் இருக்கிறது. 35 மில்லிமீட்டர் இறக்கம் போதும், குறுக்கே எதுவும் இல்லை. குழாயைத் திருப்பினோம். அறைச் சுவர் தீத்தடுப்புச் சுவர் என்பதால் துளையைச் சும்மா அடைக்க முடியாது. பிளாஸ்டிக் குழாய் தீயில் உருகி ஓடிவிடும், மிஞ்சுவது ஓட்டை. சூட்டில் ஊதிப் பெருத்து அந்த ஓட்டையை நெரித்து மூடும் காலர் போட வேண்டும். அதற்குத் தனி ஆர்எஃப்ஐ, தனிப் படம்.

அந்தச் சுவரைப் பார்க்கப் போனதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. தீ வந்தால் டக்டை அடைக்கும் பக்கத்து ஃபயர் டேம்பரின் அக்சஸ் கதவுக்கு நேர் முன்னால் எங்கள் குளிர்நீர்க் குழாயே போகிறது. கதவு இரண்டு விரல் அளவுதான் திறக்கிறது. உள்ளே, சூட்டில் உருகி டேம்பரை மூடவைக்கும் ஃபியூசிபிள் லிங்க்கைக் கையால் தொட முடியாவிட்டால் அந்தக் கதவு அலங்காரம். டக்டைத் திருப்பி அடித்தட்டில் புதிதாக ஒரு கதவு வெட்டினோம். குடிமைத் தற்காப்புப் படையான எஸ்சிடிஎஃப் தரும் தீப் பாதுகாப்புச் சான்றிதழுக்காக ரெஜிஸ்டர்ட் இன்ஸ்பெக்டர் வருவதற்குள் நாங்களே கண்டுபிடித்தது, இந்தக் கூத்தில் கிடைத்த ஒரே லாபம்.

இனி ஒன்றாம் திட்டு. 24. சுத்தமான வேர்வை.

குழாய் வேர்ப்பது ஏன் என்று எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தேன். சைட்டில் கேட்டுப் பார்த்தால் பாதிப் பேர் குளிர்நீர் ரப்பர் வழியாக ஊறி வருகிறது என்றார்கள். அன்று காலை பத்து மணிக்கு அந்தச் சீலிங் இடைவெளியில் 29 டிகிரி, ஈரப்பதம் 84 சதவீதம். அந்தக் காற்றின் பனிநிலை 26 டிகிரி. அதாவது 26-க்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் கட்டும். உள்ளே ஓடுவது 7 டிகிரி நீர். நடுவில் இருக்கும் ரப்பரின் வேலை, தன் வெளித்தோலை 26-க்கு மேலே வைத்திருப்பது, அவ்வளவுதான். ஒரு இடத்தில் நசுங்கினாலும், ஒரு மயிரிழை பிளந்தாலும் காற்று உள்ளே போய்க் குழாயையே தொடும். அப்புறம் ரப்பருக்குள்ளேயே மழை.

ஹேங்கரில் வெப்பமானியை வைத்தேன், 17.5. துப்பாக்கி மாதிரி சிவப்புப் புள்ளி அடிக்கும் வெப்பமானி இங்கே உதவாது. பளபளக்கும் இரும்பிலும் அலுமினியத்திலும் அது சுற்றியிருக்கும் சூட்டைத்தான் பிரதிபலித்துக் காட்டும். கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டுப் பார்க்கும் வகை வேண்டும். ஹேங்கர் கிளாம்புக்கு அடியில் கெட்டியான பிளாக் இருந்திருக்க வேண்டும். குழாயின் எடை அந்த பிளாக்கில்தான் உட்காரும், ரப்பரில் அல்ல. பிளாக் இருந்தது. ஆனால் 150 மில்லிமீட்டர் தள்ளி, தனியாக, எதையும் தாங்காமல். கிளாம்ப் நேராக ரப்பர் மேல் உட்கார்ந்து அதைப் பாதியாக நசுக்கியிருந்தது.

கதை புரிந்துவிட்டது. இன்சுலேஷன் முடிந்த பிறகு ஸ்பிரிங்க்ளர் குழாய்க்காரர்கள் வழி கேட்டிருக்கிறார்கள். ஹேங்கர் தொங்கும் ராடைப் பக்கத்தில் மாற்றி அடித்துக் கொடுத்திருக்கிறார்கள் எங்கள் ஆட்கள். நல்ல மனசுதான். பிளாக்கை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. பி பகுதியில் 64 ஹேங்கர், அதில் 11 இப்படி. பதினொன்றும் ஸ்பிரிங்க்ளர் குழாய் குறுக்கே போகும் ஒரே வரிசையில். நான் அந்த வெள்ளிக்கிழமை ஏறிப் பார்த்த இரண்டு பேயில் ஸ்பிரிங்க்ளர் குறுக்கீடு இல்லை. மூன்றாவதில் ஏறியிருந்தால் முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும்.

இந்த வேலையைப் பகலில் செய்ய முடியாது. குழாய் குளிராக இருக்கும்போது புது ரப்பர் ஒட்டுவது, நனைந்த சுவரில் சுண்ணாம்பு அடிப்பது போலத்தான். மாலை ஐந்து மணிக்கு அந்தக் கிளையை வால்வில் மூடினோம். குழாய் அறைச் சூட்டுக்கு வர நள்ளிரவு ஆனது. இரவு வேலைக்குப் பெர்மிட் வாங்கி இரண்டு இன்சுலேஷன் ஆட்களை வைத்திருந்தேன். அதில் ஒருவர் பங்களாதேஷ்காரர், எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். தமிழ் எங்களோடு இருந்தே படித்தவர். பதினொரு மணிக்கு நான் அவசரப்பட்டபோது குழாயைத் தொட்டுப் பார்த்து, "அண்ணே, ஈரத்துல பசை ஒட்டாது. டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். குடித்துவிட்டு வந்தேன்.

அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நசுங்கிய ரப்பரை இரண்டு பக்கமும் நேர்க்கோட்டில் வெட்டி எடுத்தார். குழாயைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். பிளாக்கைச் சரியான இடத்தில் வைத்து, அதன் இரண்டு முகத்திலும் பசை, ரப்பரின் முகத்திலும் பசை. உடனே ஒட்டவில்லை. விரலால் தொட்டால் ஒட்டாமல் இழை மட்டும் எழும் வரை காத்திருந்து, பிறகு அழுத்தினார். புதுத் துண்டை இடைவெளியைவிடச் சில மில்லிமீட்டர் நீளமாக வெட்டியிருந்தார். ரப்பரை இழுத்து ஒட்டினால் ஒரு மாதத்தில் அது தன் அளவுக்குத் திரும்பும், ஒட்டு வாய் திறக்கும். நெருக்கி ஒட்டினால் தானே அமுக்கிக்கொண்டு நிற்கும். விடியற்காலை நான்கரைக்குப் பதினொன்றும் முடிந்தது. பசை காய நேரம் கொடுத்து, அடுத்த நாள் மாலைதான் வால்வைத் திறந்தேன்.

திறந்து இரண்டு மணி நேரத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கிளாம்பெல்லாம் காய்ந்திருக்கிறது, ஆனால் ரப்பரின் மேல் கை வைத்தால் எங்கும் லேசான பிசுபிசுப்பு. தோல் வெப்பம் 25.8. பனிநிலை 26. வெறும் 0.2 டிகிரி வித்தியாசத்தில் தோற்றுக்கொண்டிருந்தது. ரப்பரின் தடிமனைக் குறை சொல்ல ஆர்டிஓ தயாராகிவிட்டார். நான் கிழக்குப் பக்கம் கூட்டிப்போனேன். மெட்டீரியல் ஹாய்ஸ்ட் நிற்கும் இடத்தில் ஒரு பே முழுக்க முகப்பு மூடாமல் திறந்து கிடந்தது. மழை நின்ற மாலைக் காற்று நேராகச் சீலிங் இடைவெளிக்குள். குடியிருக்கும் கட்டடத்தின் காற்றுக்குக் கணக்குப் போட்ட தடிமன், வெட்டவெளிக்குப் போட்டதல்ல. கெட்டியான பிளாஸ்டிக் தாளால் அந்த பேயை அடைத்து, எஃப்சியுக்களை ஓடவிட்டோம். மறுநாள் மதியம் பனிநிலை 21-க்கு இறங்கியிருந்தது, ரப்பர் காய்ந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கையெழுத்துப் போட்டது பத்து பேக்கு. அதனால் 38 எஃப்சியு தட்டிலும் ஐந்து லிட்டர் வாளித் தண்ணீர் ஊற்றி, வடிய எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பிடித்தோம். நல்ல குழாய் நின்று நிதானமாக ஐந்து நிமிடத்துக்குள் விழுங்கிவிட்டது. ஏழு யூனிட் பத்து நிமிடம் தாண்டியும் தொண்டையில் வைத்துக்கொண்டிருந்தன. ஆறு, ஹேங்கர் தொய்வு. ஒன்றில் குழாய் வாயில் சிமென்ட் மூட்டைத் துண்டு ஒன்று அழகாக மடித்துச் செருகியிருந்தது. தூசி போகக் கூடாது என்று வைத்தவர் எடுக்க மறந்துவிட்டார்.

படிவத்தையும் மாற்றினேன். இருபத்திரண்டு வரியை ஒன்பதாகக் குறைத்தேன். இதற்கு மெயின் கான் அலுவலகத்தில் எதிர்ப்பு, வரி குறைந்தால் தரம் குறைந்ததாகத் தெரியுமாம். கட்டட வேலையின் தரத்துக்குப் போடும் கான்குவாஸ் மதிப்பெண் 1989 முதல் இங்கே இருக்கிறது, எம் அண்ட் ஈ எனும் இயந்திர, மின்சார வேலையையும் அது பார்க்கும், ஆனால் மாதிரி எடுத்துத்தான் பார்க்கும். எல்லாவற்றையும் பார்க்க வேண்டியது அவர்கள் அல்ல என்று சொல்லிப் பார்த்தேன். ஒன்பதில் மூன்று வரி புதியவை. டெஸ்டுக்குப் பிறகு மாட்டிய இணைப்புகள் எவை, யார் தடவிப் பார்த்தது. தட்டில் ஊற்றிய நீர் வடிய எத்தனை நிமிடம். இன்சுலேஷனுக்குப் பிறகு எந்த ஹேங்கர் நகர்ந்தது. டிக்குக்கு இடமே விடவில்லை, எண் எழுதினால்தான் வரி நிரம்பும். இன்னொரு ஏற்பாடு: ஒரு ஆர்எஃப்ஐக்கு மூன்று பேக்கு மேல் கேட்கக் கூடாது, லிஃப்டின் பேட்டரி பச்சையில் இருக்க வேண்டும். பேட்டரி விஷயத்தைப் படிவத்தில் எழுதலாமா என்று கேட்டார்கள். எழுதியாகிவிட்டது.

வெட்டிய பலகைகளை எல்லாம் மூடிப் பெயின்ட் அடித்து முடிக்க அடுத்த வியாழன் ஆனது. ஆர்டிஓ வந்தார். இம்முறை மூன்று மூன்று பேயாக ஏறிப் பார்த்திருந்ததால் அவருக்கும் மேலே என்ன இருக்கிறது என்று தெரியும். கீழே நின்று சீலிங்கை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன்: நாலாம் மாடி, பி பகுதி, ஐந்து இடத்தில் பெயின்ட் ஷேடு மாறியிருக்கிறது.

ஷேடு எங்கள் கணக்கில் வராது. கோஆர்டினேட்டருக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.